வைரவன் தேர்ந்த குளவித் தோட்டா

வைரவனுக்கு வயது நாற்பத்தெட்டு. ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். அபுதாபியில் வேட்டைச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் தோட்டாக் கிடங்கைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. பத்தொன்பது வருடங்களாக அதே இரும்புக் கதவு, அதே இரண்டு சாவிகள். இத்தனை வருடத்தில் அவர் ஒரு தோட்டாவைக்கூடச் சுட்டதில்லை. அவருக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது, வேண்டுமென்று கேட்டதும் இல்லை. தெரிந்ததெல்லாம் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தும், சுட்டுவிட்டு வந்து குறை சொன்னவர்களைத் துருவித் துருவிக் கேட்டும் தெரிந்துகொண்டதுதான்.

யார் எதைக் கேட்டு வந்தாலும் அவர் மூன்று கேள்வி கேட்பார். என்ன மிருகம்? எவ்வளவு தூரம்? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. "பின்னால என்ன இருந்தா என்ன, நான் நரியத்தானே சுடப்போறேன்" என்பார்கள். வைரவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். கோபம் வந்தால் அவர் செய்வது அவ்வளவுதான்.

"அண்ணாச்சி கண்ணாடியத் தொடைக்க ஆரம்பிச்சிட்டாவோ. இன்னைக்கு யாவாரம் அவ்வளவுதான்" என்பான் முன்பக்கம் கூடாரமும் டார்ச்சும் விற்கும் காயல்பட்டினத்து ஆரிப்.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் அவர் கண்ணாடியை அதிகம் துடைக்க வைத்தவர் அம்மார். ஜோர்டான்காரர். அல் ஐன் போகும் சாலையிலிருந்து மணலுக்குள் விலகிப் போனால் வரும் ஒரு ஹுபாராப் பண்ணையின் மேலாளர். ஹுபாரா என்பது நம் கானமயிலின் இனத்தைச் சேர்ந்த, அதைவிடச் சிறிய பறவை. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் பண்ணைக்குள் நரி புகுந்து தினமும் இரண்டு மூன்று குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனது. நரியைச் சுட முதலாளி அனுமதி வாங்கிவிட்டார். சுடப்போவது உரிமம் உள்ள காவலர் மக்தூம். எந்த அளவுத் தோட்டா என்பதை மட்டும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அதற்கேற்ற துப்பாக்கி பிறகு வரும். எழுதிய அளவைப் பின்னால் மாற்றுவதென்றால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும்.

"ட்வெண்ட்டி டூ, டூ ஃபிஃப்டி" என்று ஒரு தோட்டாவின் அளவைச் சொன்னார் அம்மார், வந்ததும் வராததுமாக. கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டினார். "நொடிக்கு ஆயிரத்து நூறு மீட்டர் போகுமாம். எழுது, யல்லா."

"நரி அதைவிட வேகமா ஓடுதா?" என்று இந்தியில் கேட்டார் வைரவன். கடையில் எல்லோருக்கும் பொதுவான பேச்சு அதுதான். "தூரம் எவ்வளவு?"

"ரொம்பத் தூரம்."

"ரொம்பன்னா எத்தனை மீட்டர்?"

"பாய், பாலைவனம். தூரம்தான்."

இந்தப் பேச்சு மூன்று வாரத்தில் மூன்று முறை நடந்தது. இரண்டாவது முறை அம்மார் டூ ஃபார்ட்டி த்ரீதான் வேண்டும் என்றார். அது மானை வீழ்த்தும் தோட்டா, அந்தப் பக்கத்து நரி மூன்று கிலோ தேறாது, பெரிய பூனை அளவுதான் என்று வைரவன் சொன்னார். அதோடு அந்தத் தோட்டா வெடிக்கிற சத்தத்தில் முட்டையிடுகிற பெட்டைகள் மிரண்டுபோகும் என்றும் சொன்னார். மூன்றாவது முறை அம்மார் மறுபடி டூ ஃபிஃப்டிக்கே வந்து நின்றார். அவருடைய நண்பர் ஒருவர் ஏதோ காணொளி பார்த்திருக்கிறார்.

"தோட்டான்னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார் வைரவன். "பித்தளைக் கூடு, மருந்து, முனையில குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. அந்தக் குண்டு பட்ட இடத்துலயே சிதறணும். சிதறாம ஊடுருவிப் போச்சுன்னா கல்லுல பட்டு எங்கேயாவது பாயும். அதனாலதான் கேக்கறேன், வேலிக்குப் பின்னால என்ன இருக்கு?"

"மணல்!" என்று கத்தினார் அம்மார். பிறகு பின்னால் தீவன மூட்டையுடன் நின்றுகொண்டிருந்தவனைச் சுட்டினார். "இவன் ஒழுங்கா வேலை செஞ்சா எனக்குத் தோட்டாவே வேண்டாம். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறமும் குஞ்சு காணாமப் போச்சுன்னா விசா கான்ஸல். கலாஸ்."

அவன் பெயர் வீரபாண்டி, கமுதிக்காரன், முப்பது வயதிருக்கும். ஜெபல் அலியில் கிடங்கு வேலைக்கென்று வந்து, ஏழு மாதம் முன்பு பண்ணைக்கு மாற்றப்பட்டவன். அம்மார் வண்டியை எடுக்கப் போனபோது அவன் கல்லாவுக்கு அருகில் வந்தான்.

"அண்ணே, ஏதோ ஒன்ன எழுதிக் குடுத்துருங்கண்ணே. சீக்கிரம் சுட்டுத் தொலையட்டும். ஊர்ல வீட்டுக்குத் தூண் எழுப்பி அப்படியே நிக்குது. இப்பப் போயி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"ஏதோ ஒண்ணை எழுத முடியாது, தம்பி."

"மூணு வாரமாண்ணே அளவு கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

"மூணு வாரமா ஒருத்தரும் அளக்கலையே."

அன்று மாதத்தின் பத்தொன்பதாம் தேதி. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வைரவன் ஐம்பது மீட்டர் டேப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, காய்கறி வண்டி ஒன்றில் ஏறிப் பண்ணைக்குப் போனார். போகும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். விடுமுறையில் துணி துவைத்துவிட்டு மீன் குழம்பு வைத்திருக்கலாம்.

காலை ஒன்பது மணி. இரவுக் காவல் முடித்த மக்தூம் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வீரபாண்டி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தான். காவலர் அறை வாசலிலிருந்து தெற்கு வேலி வரை, மணலில் குச்சி நட்டு நட்டு அளந்தார்கள். டேப் நிமிரவில்லை என்று வைரவன் ஒரு முறை திரும்ப அளக்கச் சொன்னார். நூற்று இருபத்தெட்டு மீட்டர். வடக்கு வேலிக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

"இதுதான் ரொம்பத் தூரமா?" என்றார் வைரவன்.

"நடக்கும்போது தூரமாத்தாண்ணே தெரியும்."

"நூத்தி இருபத்தெட்டுக்கு ஹார்னெட் போதும். குளவின்னு அர்த்தம். சின்னத் தோட்டா, மத்ததை விடச் சத்தமும் கம்மி. இதுக்காய்யா மூணு வாரம்?" வேலிக்கு அப்பால் தகர ஷெட் ஒன்று தெரிந்தது. "அது என்ன?"

"எங்க ரூமுண்ணே. நாலு பேரு தூங்குறோம்."

வைரவன் கண்ணாடியைக் கழற்றினார்.

"மணல்னு சொன்னாரே அந்த ஆளு!"

"மணல்லதாண்ணே இருக்கு ரூமு."

வைரவன் வேலியோரமாகவே நடந்தார். நரி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான், அறைக்கு நேராகத் துப்பாக்கிக் குழல் திரும்பாத இடமாகப் பார்த்துக் காவலரை உட்காரவைக்க முடியும். வேலி நல்ல வேலி. கம்பி வலை மணலுக்குள் முழங்கால் ஆழம் புதைந்திருந்தது. எங்கும் தோண்டிய குழி இல்லை, கிழிசல் இல்லை. தெற்கு மூலையில், தீவனக் கொட்டகையின் மறைவில், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சிறிய இரும்புக் கதவு இருந்தது. அதன் கீழே மணலில் சின்னச் சின்னப் பாதத் தடங்கள் வரிசையாக உள்ளே போயிருந்தன. அதே வரிசையில் திரும்பியும் வந்திருந்தன.

"இந்தக் கதவு ராத்திரியில சாத்தித்தானே இருக்கும்?"

"இல்லண்ணே, தெறந்துதான் வைப்பேன். டூட்டி முடிஞ்சி ரூமுக்குப் போறப்ப தெறந்து விட்டுட்டுப் போவேன். காலையில தீவனம் வைக்க வரும்போது சாத்திருவேன்."

"ஏன்?"

"ஹுஸ்னி சாருக்குண்ணே."

"யாரு?"

"டாக்டருண்ணே. மிஸ்ரி, எகிப்துக்காரருன்னு நெனைக்கிறேன். ராத்திரிதான் வருவாரு. வந்து ஒடம்பு சரியில்லாத குஞ்ச எடுத்துட்டுப் போயிருவாரு. நான் பாத்ததில்ல. மக்தூம் பாய்தான் தெனமும் சொல்லுவாரு, நேத்து ஹுஸ்னி வந்தாரு, ரெண்டு எடுத்தாரு, மூணு எடுத்தாருன்னு. பெரிய மனுசன், ராத்திரியில மெயின் கேட்டு வரைக்கும் சுத்தி வரணுமேன்னு நான்தான் இதத் தெறந்து விட்டேன்."

வைரவன் அந்த இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். மக்தூம் மாதிரி அந்த ஊர் அரபிகள் பேச்சில் ஹுஸ்னி என்றால் நரி. கடைக்கு வரும் கிழவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அம்மார் ஜோர்டான்காரர், அவர் வாயில் வருவது ஸஅலப். வீரபாண்டிக்கு ஸஅலப் என்றால் நரி என்று தெரிந்திருந்தது. ஹுஸ்னி என்ற பெயரில் ஜெபல் அலியில் அவனுக்கு ஒரு ஃபோர்மேன் இருந்தார்.

"அப்ப நரி தனியா எடுக்குது, டாக்டர் தனியா எடுக்கறாருன்னு நினைச்சியா?"

"ஆமாண்ணே. நரி எடுத்த கணக்க அம்மார் சாரு சொல்லுவாரு, டாக்டரு எடுத்த கணக்க மக்தூம் பாய் சொல்லுவாரு."

"உனக்குக் கோவம் வரலியா? டாக்டர் எடுத்த குஞ்சுக்கும் சேத்து உன்னையில்ல திட்டறாங்க?"

"பெரிய எடத்துல எப்படிண்ணே கேக்குறது? நானே ஒரு நாளு ஃப்ளாஸ்க்குல டீ வச்சிட்டுப் போனேன். குடிக்கல."

"குடிக்காது" என்றார் வைரவன். "ஹுஸ்னின்னா நரிடா."

வீரபாண்டி சிரிக்கவில்லை. மெல்லக் குனிந்து அந்தப் பாதத் தடங்களைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நானா தெறந்து விட்டேன்?"

"எழுந்திரு."

"அம்மார் சாருக்குத் தெரிஞ்சா மாசக் கடைசியெல்லாம் கெடையாதுண்ணே. இன்னைக்கே ஃப்ளைட்டு ஏத்தி விட்டுருவாரு."

"எழுந்திரு முதல்ல. தாழ்ப்பாள் இருக்கா இதுக்கு?"

தாழ்ப்பாள் இருந்தது. பூட்டு இல்லை. வைரவன் தன் பையின் வாயைப் பூட்டியிருந்த சின்னப் பூட்டைக் கழற்றித் தாழ்ப்பாளில் மாட்டினார். சாவியை அவன் கையில் கொடுத்தார். கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று வாரம். நொடிக்கு எத்தனை மீட்டர், எத்தனை கிரெயின் எடை, எந்த முனை என்று எத்தனை பேச்சு. கடைசியில் தேவைப்பட்டது ஒரு பூட்டு. ஆனால் அதைச் சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் 'தேவையில்லை' என்று எழுதினால் அம்மார் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் வீரபாண்டி விமானத்தில் இருப்பான். பத்தொன்பது வருடத்தில் வைரவன் காரணம் சொல்லாமல் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

மறுநாள் அவர் விண்ணப்பத்தில் ஹார்னெட் என்று எழுதினார். கீழே, 'தூரம் 128 மீட்டர். வடக்குப் பக்கம் மட்டும். தெற்கு நோக்கிச் சுடக்கூடாது, தொழிலாளர் அறை உள்ளது' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டார். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நூற்று இருபத்தெட்டு மீட்டருக்கு ஹார்னெட் சரியான தேர்வுதான். தேவையில்லாத சரியான தேர்வு.

"இவ்வளவு சின்னதா?" என்றார் அம்மார் முகத்தைச் சுளித்து.

"போதும். அதுக்கு முன்னாடி இன்னொன்னு. வேலியில எங்கே எந்தக் கதவு இருந்தாலும் பூட்டிடணும். நரி ஒரே பக்கம் வந்தாத்தான் மக்தூம் சுட முடியும். வீரபாண்டிகிட்ட சொல்லியிருக்கேன்."

"அச்சா, அச்சா" என்றார் அம்மார், காதில் வாங்காமல்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு குஞ்சும் காணாமல் போகவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது. வீரபாண்டி பண்ணையிலேயே இருந்தான். அனுமதி வந்து, துப்பாக்கி வந்து, ஐம்பது ஹார்னெட் தோட்டாக்கள் உள்ள ஒரு பெட்டி மே மாதம்தான் பண்ணைக்குப் போனது. மக்தூம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இன்றுவரை அதன் ஒட்டுத்தாள் பிரிக்கப்படவில்லை.

அம்மாருக்கு நன்றி மறக்கும் பழக்கம் இல்லை. நரித் தொல்லை வந்தால் வைரவனிடம் போங்கள், அவர் தேர்ந்து கொடுத்த தோட்டா வந்ததிலிருந்து என் பண்ணைப் பக்கம் நரியே எட்டிப் பார்ப்பதில்லை என்று தெரிந்த பண்ணைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். தோட்டா வருவதற்கு இரண்டு மாதம் முன்பே நரி நின்றுவிட்டது என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

இப்போது மாதத்துக்கு நான்கு பேராவது வந்து, "அம்மார் பண்ணைத் தோட்டா" என்று கேட்கிறார்கள். ஒருவருக்கு நரி வருவது முந்நூறு மீட்டரில், காற்று அடிக்கிற வெட்டவெளியில். அங்கே ஹார்னெட் போய்ச் சேர்வதற்குள் காற்று அதை ஒதுக்கிவிடும். இன்னொருவருக்கு வருவது நரியே இல்லை, இருபத்தைந்து கிலோ காட்டு நாய்.

"இதை உங்களுக்குக் குடுக்க முடியாது" என்கிறார் வைரவன்.

"அவருக்கு மட்டும் ஏன் கொடுத்தே?"

இதற்கு மட்டும் அவரால் பதில் சொல்ல முடியாது. சொன்னால் மணலில் உட்கார்ந்தவனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

"அண்ணாச்சி, இந்த ஒரு பெட்டிய வச்சி எம்புட்டுப் பேரு! கடை வாசல்ல ஒங்க போட்டோவ மாட்டிருவோமா?" என்கிறான் ஆரிப்.

"போய்யா, ஆரிப் பாய்."

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் குரல் செய்தி வந்து விழும். பூட்டு மாட்டிய நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் வருகிறது. வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

"அண்ணே, வணக்கம்ணே. கதவு பூட்டியாச்சு. ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாச்சு. ஹுஸ்னி சார் வரலண்ணே."

வைரவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே நிற்பவரிடம் திரும்புகிறார்.

"சரி, சொல்லுங்க. என்ன மிருகம்? எவ்வளவு தூரம்? பின்னால என்ன இருக்கு? அதுக்கும் முன்னாடி, உங்க வேலியில கதவு எத்தனை?"