நல்ல சாவுக்கு எத்தனை மார்க்கு?

இந்த நாட்டில் துக்கம் கேட்கப் போனால் பிஸ்கட் தருகிறார்கள். ஸ்காட்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இப்போது எந்த வீட்டில் சாக்லேட் பூசியது கிடைக்கும் என்று வாசல் கதவைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் உத்தியோகம் அப்படி. மறதி நோயோடு முதியோர் இல்லங்களில் இருந்து இறந்துபோனவர்களின் பிள்ளைகளை, அழுகை அடங்கிய பிறகு போய்ப் பார்த்து, ஓர் ஆய்வுக்காகக் கடைசி நாட்களுக்கு மார்க்கு வாங்கிவர வேண்டும். வலி இருந்ததா, பயந்தாரா, படுக்கைப் புண் வந்ததா, அமைதியாக இருந்தாரா? போடிநாயக்கனூரில் என்னோடு படித்தவர்கள் டாக்டராகவும் தாசில்தாராகவும் இருக்கிறார்கள். நான் சாவுக்குப் பேப்பர் திருத்துகிறேன்.

திருத்துவதும் லேசில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாளிடம், "உங்கள் தாயாரை எப்படிக் கவனித்துக்கொண்டார்கள்?" என்று கேட்டேன். "நாட் பேட்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. மோசமில்லை என்றால் சுமார்தானே என்று நடுவில் ஒரு மார்க்கைப் போட்டேன். எட்டிப் பார்த்தவர் பதறிவிட்டார். அந்த நர்சுப் பெண்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமாம். இங்கே "நாட் பேட்"டுக்கு மேல் புகழ்ச்சியே கிடையாதாம். எங்கள் பக்கம் நேர்மாறு. "ராசா மாதிரி வச்சுப் பாத்தோம்" என்று ஒருவர் தெருவே கேட்கச் சொன்னால்தான் விசாரிக்க வேண்டும்.

சென்ற முறை லீவில் போடிக்குப் போனபோது என் சொந்த வீட்டிலேயே பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அப்பா காலமெல்லாம் ஏலக்காய் வாங்கி விற்றவர். ஏல மையத்தில் தட்டில் வரும் மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டியே விலை சொல்வார். இப்போது அவருக்கும் அதே மறதி நோய், பெயர்களெல்லாம் போய்விட்டன. விரல்கள் மட்டும் பாக்கி. அண்ணன் மனைவி, என் மதினி, காலையில் ஒரு தாம்பாளத்தில் காயைக் கொட்டிக் கொடுப்பார். நல்லது ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம் என்று அப்பா பொறுக்குவார். பொறுக்கி முடித்ததை மதினி அடுப்படியில் மறுபடி கலந்து கொண்டுவந்து வைப்பார். "புது லோடு வந்திருச்சு மாமா." நான் இதைவிட வெட்டியான வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் சிரிக்கவில்லை.

பார்க்க வருகிறவர்கள், அப்பாவால் மெல்ல முடியாத ஆப்பிளோடு, அவரால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியையும் தவறாமல் கொண்டுவந்தார்கள். ராசிங்காபுரத்துச் சித்தப்பா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, நான் யாரு? சொல்லுங்க பாப்போம்."

ஊரில் இதற்குப் பெயர் பாசம். அப்பா அவர் கட்டைவிரலைப் பிடித்து உருட்டினார். முகர்ந்தார். "சரியாக் காயல. வெலையக் கொறச்சுக் கேளு."

சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, மதினி ஊட்டிய கஞ்சியை விழுங்க முடியாமல் அப்பா இருமினார். சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார்: "இன்னும் மதுரைக்குக் கொண்டுபோகலையாக்கும்? மூக்குல ட்யூப்ப விட்டா வகுறு ரொம்பிட்டுப் போகுது. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஊரு என்னடா சொல்லும்?"

எங்கள் ஊர் அளவுகோல் இதுதான். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் செத்தார் என்பதற்கே மார்க்கு. ஐ.சி.யூ. என்றால் டிஸ்டிங்ஷன். வீட்டில் நிம்மதியாகக் கண்ணை மூடினால் பிள்ளைகள் ஃபெயில். அண்ணன் முகத்தில் அந்த ஃபெயில் பயம் அப்படியே தெரிந்தது. காருக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சீமையில இந்தச் சோலிதானடா பாக்குற? சொல்லு, கொண்டுபோவமா?"

நான் பார்க்கும் சோலியில் கேள்விகளெல்லாம் செத்த பிறகு கேட்பவை. உயிரோடு எதிரே உட்கார்ந்து காய் பொறுக்குகிறவருக்கு என் படிவத்தில் கட்டமே இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். இந்த நிலையில் ட்யூப்பு ஆயுளைக் கூட்டும் என்று நிச்சயமில்லை. அப்பா அதைப் பிடுங்கப் பார்ப்பார். பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டினாலும் கட்டுவார்கள்.

"கையவா?" என்றார் மதினி. தாம்பாளத்தைப் பார்த்தார். "அந்தக் கையி ஒண்ணுதான இப்ப அவரு. அதையும் கட்டிப்புட்டு யாருக்கு மூக்குல ஊத்துறது? கூழுக் கணக்கா ஆக்கி, கொஞ்சங் கொஞ்சமா நானே ஊட்டிக்கிறேன். ஊரு வந்து கேக்கட்டும், நான் பேசிக்கிறேன்."

அண்ணன் போனைக் கீழே வைத்தார். சித்தப்பா, தான் கொண்டுவந்த ஆப்பிளில் ஒன்றைத் தானே நறுக்கித் தின்றுவிட்டு அடுத்த பஸ்சைப் பிடித்தார்.

திரும்பி வந்து என் மேலதிகாரியிடம், கேள்விகளில் ஒன்றைச் சேர்க்கலாமே என்றேன்: கடைசி நாட்களில் அவர் கைகளுக்கு வேலை இருந்ததா? "இன்ட்ரஸ்டிங்," என்றார். இந்த ஊரில் அதற்கு "முடியாது" என்று அர்த்தம், அவ்வளவு தேறிவிட்டேன்.

அப்பா இன்னும் இருக்கிறார். ரொம்ப இளைத்து, தாம்பாளத்தோடு. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவரைக் கண்டதும், இரண்டு நாட்டுச் சாவையும் அளக்கத் தெரிந்த நிபுணனான நான் முதல் வேலையாகக் கேட்டேன்: "அப்பா, நான் யாரு? சொல்லுங்க பாப்போம்."

ஒரு விரல்நுனி வந்து என் திரை முழுவதையும் மறைத்தது.

"என்ன மதினி செய்றாரு?"

"போன்ல ஒங்க மொகத்தப் பொறுக்குறாரு கொழுந்தனாரே."

"எந்தப் பக்கம் தள்ளுறாரு? நல்லதுலயா, கழிவுலயா?"

மதினி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுலயும் போடல. இன்னும் உருட்டிக்கிட்டுத்தான் இருக்காரு."