மாமாவின் நல்லி எலும்பு

எவர்சில்வர் தட்டின் விளிம்பில் நல்லி எலும்பைத் தட்டும்போது ஒரு சத்தம் வரும். ‘டங்’ என்று ஆரம்பித்து, உள்ளே இருப்பது இளகியதும் ‘டொங்’ என்று தடித்து, கடைசியில் ஓர் உறிஞ்சலில் முடியும். திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த வீடுகளில் மாதா கோயில் மணிக்கு அடுத்தபடியான புனித ஒலி இதுதான் என்று ஒருமுறை சொல்லி, அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அந்த ஒலியை எழுப்பும் உரிமை என் தாய்மாமாவுக்கு மட்டுமே உண்டு. குழம்புச் சட்டியில் கரண்டி விட்டால் முதலில் மாட்டுகிற நல்லி அவர் தட்டுக்குத்தான் போகும். யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் எந்தப் பட்டாவைவிடவும் உறுதியானது.

பட்டா என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாமா சர்வேயர். எரியோட்டுச் சோளக்காடுகளிலும் நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்களிலும் வெயிலில் நின்று எல்லைக்கல் ஊன்றியவர். ஓய்வு பெற்ற பிறகும் அளக்கிற பழக்கம் அவரைவிட்டு ஓய்வு பெறவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் வலது கண்ணை இறுக்க மூடி, இடது கண்ணைச் சுருக்கி, காலண்டர் நேராகத் தொங்குகிறதா, ஜன்னல் மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். என் வீட்டில் எதுவும் அவர் கண்ணுக்கு நேராக இருந்ததில்லை. வீட்டுக்காரன் உட்பட.

அந்தப் பழக்கத்தால்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் புது வீட்டைப் பங்குச் சாமியார் மந்திரித்துவிட்டுப் போன மதியம், கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்தை மாட்டினேன். மாமா பார்க்க வந்தார். சாம்பிராணிப் புகை இடது கண்ணில் பட்டு எரிந்ததால், அன்றைக்கு மட்டும் அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார்.

“ஏலே மாப்ள, எதுக்குடா லைட்ட அமத்துன?”

நல்ல பகல். போதாததற்கு வீட்டில் இருந்த எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. “கரண்டு பில்லு நான்ல கட்டணும் மாமா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. இடது கண்ணைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “படம் நேராத்தான் இருக்கு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். அவர் ஒரு படத்தை நேராக இருப்பதாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

கண்ணில் அழுத்தம் என்றார் மருத்துவர். வலியே காட்டாமல் பல வருஷமாக நரம்பை அரித்திருக்கிறது. ஓரங்களில் ஆரம்பித்து நடுவுக்கு வரும்; போன பார்வை திரும்பாது; இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். மாமா கதவு நிலையில் இடித்துக்கொண்டதற்கும், பக்கத்திலிருந்த தம்ளரைத் தட்டிவிட்டதற்கும், ‘பராக்குப் பார்க்கிற மனுசன்’ என்று அத்தையிடம் பேர் வாங்கியதற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது. ஆயுள் முழுக்க அடுத்தவர்களின் எல்லையை அளந்துகொடுத்த மனிதரின் எல்லைக்குள் ஒருவன் இரவுபகலாகக் கல்லை நகர்த்தி நட்டுக்கொண்டே வந்திருக்கிறான். மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் செய்தும் இடது கண்ணையும் அவன் விடவில்லை. சில வருஷங்களில், எதிரே நிற்பது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் மாமா தெரிந்துகொண்டார்.

அப்புறம் அவர் படுத்துவிட்டார். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுப்பார். குளிக்க மாட்டார். ரேடியோ வேண்டாம், பூசை வேண்டாம், ஆள் வேண்டாம். நாங்களும் எங்கள் பங்குக்கு அன்பாக இருந்து நிலைமையை மோசமாக்கினோம். அவர் அறைக்கு முன்னால் எல்லோரும் குசுகுசுவென்று பேசினோம். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு தினமும் சண்டை போட்டுவந்த அத்தை, சண்டையையே நிறுத்திவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமைக் கறியில் எலும்பை உருவிவிட்டு, பஞ்சு போல நான்கு துண்டுகளைச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். தொண்டையில் சிக்கிவிடுமாம். திண்டுக்கல்காரர் ஒருவருக்கு எலும்பில்லாத கறியைக் கொடுப்பது, ‘உங்கள் காலம் முடிந்தது’ என்று சொல்வதற்குச் சமம். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மாமாவுக்கு உறைத்தது. இரண்டு வாய் வாங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

“நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதிச் சிரிக்க வைக்கிறியாம்ல, உள்ள போயி செத்த நேரம் பேசிட்டு வா” என்று அத்தை என்னை அனுப்பினார். போனேன். கைவசம் இருந்த நகைச்சுவைகள் அத்தனையும் தீர்ந்தபோது மாமா சுவரிடமிருந்து முகத்தைத் திருப்பாமல், “மாப்ள, ஒனக்கு வேற வேல இருந்தாப் போய்ப் பாரு” என்றார். என் வாசகர்களில் நேர்மையான விமர்சகர் அவர்தான்.

மாதாமாதம் காட்டும் கண் மருத்துவர், இளம்பெண், ஒரு தடவை கண்ணைப் பார்த்து முடித்த பிறகும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. “ஐயா, தூக்கம் எப்படி இருக்கு?” என்று கேட்டார். அத்தை, “அதெல்லாம் நல்லாத் தூங்குறாரு” என்று முந்திக்கொண்டார். மாமா கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

“படுத்தா எந்திரிக்காமலே போயிட்டா நல்லதுன்னு இருக்கு டாக்டர். தெனமும் அப்படித்தான் இருக்கு.”

அந்தச் சின்ன அறையில் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எழுத்துகள் வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் பதறவில்லை. “பார்வை போனவங்க நிறையப் பேருக்கு இப்படி வருதுங்கய்யா. இதுவும் ஒரு நோய்தான், வைத்தியம் இருக்கு” என்று சொல்லி, மனநல மருத்துவரிடம் அனுப்பினார். ஆட்டோவில் வரும்போது அத்தை, “அக்கம்பக்கம் என்ன பேசும்? அதெல்லாம் பைத்தியத்துக்குப் பாக்குறது” என்று முந்தானையால் வாயைப் பொத்தினார். “கண்ணு போனதுக்கு வெக்கப்படாதவ இதுக்கு எதுக்குடி வெக்கப்படுற?” என்றார் மாமா. மறுநாளே போனார்.

மாத்திரை தொடங்கிய கையோடு ஒன்றும் நடந்துவிடவில்லை. சுவர் அங்கேயே இருந்தது, மாமாவும் அங்கேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அநாதையாகிவிட்ட நல்லி என் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. துக்கத்தில் இருப்பதால் சத்தமில்லாமல் உறிஞ்சிப் பார்ப்பேன், வராது. ஒரு ஞாயிறு, பொறுமையிழந்து தட்டிவிட்டேன். டங்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

“ஏலே, யார்ரா அது எம் பங்கத் தட்டுறது?”

அத்தையின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மாமா வெளியே வந்தார். ஒரு கை சுவரில், மறு கை காற்றில். கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை பெரிய தூரம் ஒன்றுமில்லை. நிலவில் நடந்தவர்களைப் பற்றியும் இமயம் ஏறியவர்களைப் பற்றியும் நிறையப் படித்து வியந்தவன்தான் நான். ஆனால் கலைந்த தலையும் அழுக்கு வேட்டியுமாக, ஒரு மனிதர் தன் எலும்பைக் கேட்டு நடந்துவந்த அந்தத் தூரத்துக்குச் சிலிர்த்ததுபோல வேறெதற்கும் சிலிர்த்ததில்லை. ஓடிப்போய்ப் பிடிக்க எழுந்த என்னை அத்தை தோளில் அழுத்தி உட்காரவைத்தார். மாமா நாற்காலியைக் கண்டுபிடித்தார், உட்கார்ந்தார், உள்ளங்கையை விரித்தார். நான் உறிஞ்சிய எலும்பு என்று தயங்கினேன்.

“குடுறா. மருமகன் எச்சிதான.”

“குளிக்காம கொள்ளாம வந்து உக்காந்துருக்கிற லட்சணத்தப் பாரு! ஊரே நாறுது!” என்று அத்தை கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடி, சட்டியைத் துழாவி வேறொரு நல்லியைக் கொண்டுவந்து போட்டார். சண்டை அன்றோடு மறுபடி தொடங்கியது.

இதோடு கதை சுபம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் எழுந்தார். எழுகிற நாளும் எழாத நாளுமாக மாதங்கள் போயின. கண்ணுக்குச் சொட்டு மருந்தும் மனசுக்கு மாத்திரையும் மட்டும் தவறவில்லை. எழுந்த நாட்கள் மெதுவாகக் கூடின.

ஆனால் என்னை முழுசாக அசர வைத்தது வேறொரு மாலை. தெருவில் உள்ள கத்தோலிக்க வீடுகள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபம் சொல்லும் அன்பியக் கூட்டம், அந்த முறை மாமா வீட்டில். செபமாலை முடிந்ததும், பெரியவர் ஒருவர் மாமாவின் கண்பார்வைக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். மாமா இடைமறித்தார்.

“கண்ணு போயிருச்சுய்யா. அதுக்கு அழுது முடிச்சாச்சு. இப்ப மனசு சரியில்லாம மாத்திர திங்கிறேன். கேக்குறதுன்னா அதுக்குக் கேளுங்க.”

 அத்தை தரைக்குள் போய்விடுவார் போல இருந்தது. அப்புறம் எல்லோரும் ஒரே குரலில் செபித்தார்கள். கூட்டம் கலைந்து சுண்டலும் காபியும் ஆனபிறகு, எதிர்வீட்டு டீச்சரம்மா மட்டும் செருப்பைத் தேடுவது போல வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் போனதும் தணிந்த குரலில் கேட்டார்: “அந்த டாக்டர் எந்தக் கிழமையில வாராருக்கா? எங்க வீட்டுக்காரருக்கு...” அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை.

மாமா பல வருஷம் இருந்துவிட்டுத்தான் போனார். கடைசி ஞாயிறு வரை அவர் பங்கை அவரே தட்டினார்.

சென்ற வாரம் நான் கண்ணாடி மாற்றப் போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை நுழைத்து, புள்ளி மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் நன்றாகத்தான் அழுத்தினேன் என்று நினைத்தேன். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “உங்க குடும்பத்துல யாருக்காவது கண்ணுல பிரஷர் இருந்துச்சா?” என்றார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், மருந்து போட்டால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்தப் பின்பாதி என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தேன். சுவர் பக்கம் திரும்பியபோதுதான், மாமா அத்தனை நாள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. ஒன்றுமே இல்லை. வெள்ளை அடித்த ஒன்றுமில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் நான் போகவில்லை. மதியம் மனைவி வந்து கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். அவள் வற்புறுத்தவில்லை, போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து கேட்டது. டங். இடைவெளி விட்டு, தாளமே இல்லாமல், மறுபடி டங்.

என் மனைவி நல்லி தின்பவள் அல்ல. அந்த வாடையே அவளுக்கு ஆகாது.

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினேன். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏய், யாரது எம் பங்கத் தட்டுறது?” என்றேன். குரல் எனக்கே மாமாவுடையது போலக் கேட்டது. எழுந்தேன்.