ஜுனைதீன் கொடுத்த பச்சை வயர்

மாத்தளை திருகோணமலை வீதியில் அப்துல் ஸமத் ஹாஜியாரின் கரண்ட் சாமான் கடைக்குப் போகிறவர்கள் முதலாளியைத் தேடுவதில்லை. கவுண்டரில் நிற்கும் ஜுனைதீன் நானாவைத்தான் தேடுவார்கள். மீசை அரும்பிய வயதில் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றவர், தாடி நரைத்த பிறகும் அங்கேயே நிற்கிறார். அவர் வயரிங் வேலை செய்யும் பாஸ் இல்லை. ஒரு வீட்டுக்கும் வயர் இழுத்ததில்லை. ஆனாலும் எந்தச் சாமான் எந்த வேலைக்கு என்பதை அவரைப் போல விளங்கும்படி சொல்ல டவுனில் ஆள் கிடையாது.

வயர் வாங்க வருகிறவர்களுக்கு அவர் எப்போதும் ஒரு பாடம் நடத்துவார்.

“இங்க பாருங்க. செவப்புல கரண்ட் வருது. கறுப்புல திரும்பிப் போகுது. பச்ச இந்த ரெண்டு பேரோடயும் சேராது. அது ஏர்த். சும்மா நிக்கிற ஆள். எங்கயாவது கரண்ட் கசிஞ்சா மட்டும் அத இழுத்துக்கொண்டு மண்ணுக்குள்ள ஓடும். இப்ப இதெல்லாம் மாத்தி ஈக்கி. செவப்புக்குப் பதிலா பிரவுண், கறுப்புக்குப் பதிலா நீலம், பச்சைல மஞ்சள் கோடு. ஒங்கட வீடு பழசு, வாங்குற வயர் புதுசு. ரெண்டும் சேர்ற எடத்துலதான் ஆள் ஏமார்ற. பாத்து செய்ங்க.”

சொல்லி முடித்துவிட்டு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். விளங்கிவிட்டது என்று தெரிந்தால் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வேலையைச் செய்தார்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் நேரம். முதலாளி முன்னாலேயே போய்விட்டார். ஜுனைதீன் பாதி ஷட்டரை இழுத்துவிட்ட நிலையில் யட்டவத்தயிலிருந்து இராமசாமி வந்து நின்றான். லொறி ஓட்டுகிறவன். வீட்டுக்குப் பின்னால் ஒரு லைட் போட வேண்டும், அதைத் தானே செய்துகொள்வதாகச் சொன்னான்.

“நானா, செவப்பு வயர் கொஞ்சம் வெட்டிக் குடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

சிவப்பு முடிந்திருந்தது. பிரவுண் வயர் சுற்றிய கொயில் மேல் தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. ஏணியை எடுத்து வைத்து ஏற வேண்டும், பெட்டிகளை நகர்த்த வேண்டும், கையெல்லாம் தூசியாகும். அவர் தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளுச் செய்து முடித்திருந்தார். கைக்கெட்டிய இடத்தில் கோடில்லாத பழைய பச்சைக் கொயில் ஒன்று தொங்கியது. மஞ்சள் கோடு போட்டது வந்த பிறகு அதை யாரும் கேட்பதில்லை.

“பச்சையிலயே கொண்டு போங்க. கரண்டுக்குக் கண்ணா ஈக்கி கலர் பாக்க?” என்று சொல்லிக்கொண்டே வெட்டிச் சுற்றிக் கொடுத்தார்.

இராமசாமி சிரித்தான். அவரும் சிரித்தார். பள்ளிவாசலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். முன் வரிசையில் இடமும் கிடைத்தது.

அந்தப் பகிடி அவருக்கே பிடித்துப்போனது. பச்சைக் கொயில் தீரும்வரை இன்னும் சிலரிடம் அதையே சொல்லி விற்றார்.

அடுத்த வருஷம், மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், இராமசாமி ஸ்விட்ச் ஒன்று வாங்க மறுபடியும் கடைக்கு வந்தான். கவுண்டரில் வயரிங் பாஸ் பவாஸும் வேறு இரண்டு பேரும் நின்றார்கள். வீட்டில் நடந்ததை இராமசாமி எல்லோரும் கேட்கும்படி சொன்னான்.

அவன் பெண்சாதி பாலாமணிக்குக் கழுவுற மெஷின் வாங்கியிருக்கிறார்கள். அதற்குத் தனி லைன் இழுக்க டவுனிலிருந்து சுதர்ஷினி போயிருக்கிறாள். கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் பிள்ளை. டெக்னிக்கல் கொலேஜில் படித்துச் சான்றிதழ் எடுத்து, இரண்டு வருஷமாகத் தனியாக வேலை எடுத்துச் செய்கிறாள். ஜுனைதீனிடம்தான் சாமான் வாங்குவாள். ஸ்டூலில் ஏறி, சமையல் குசினிச் சுவரின் உச்சியில், வயர்கள் சேரும் பொக்ஸைத் திறந்திருக்கிறாள். அதற்குள் பச்சை வயர் ஒன்று டேப் சுற்றியபடி இருந்திருக்கிறது. டேப்பைப் பிரித்துக் கையில் பிடித்திருக்கிறாள்.

“அடிச்சதுங்க பாருங்க! அப்பிடியே பின்னால தூக்கிப் போட்டுச்சு. ட்ரிப் ஸ்விட்ச் தானா விழுந்து கரண்ட் நின்னதால உசுரு தப்பிச்சது. ஆனா சிமெண்டுத் தரையில விழுந்து வலது மணிக்கட்டு ரெண்டா போச்சு. ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் பண்ணி இரும்பு வச்சிருக்காங்க.”

“பச்சைலயா கரண்ட் வந்த?” என்று கேட்டான் பவாஸ்.

“பின்னால லைட்டுக்கு நான்தாங்க பச்சைய இழுத்தேன். அது வேற லைன். அந்தப் புள்ள பிளக் லைன மட்டும்தான் ஓப் பண்ணிச்சு, லைட் லைன்ல கரண்ட் இருந்துச்சு. வேல தெரிஞ்சவங்கன்னா பாத்துப் புடிக்க மாட்டாங்களா?”

“பொம்புளப் புள்ளைகளுக்கு எதுக்கு வயரிங்? தையல் மெஷின் போதும்” என்றான் பவாஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜுனைதீனும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. முகம் பழக்கத்தில் சிரித்துவிட்டது. இராமசாமி அவரைக் கூர்ந்து பார்ப்பதாக நினைத்தார். அவன் பார்த்தது அவருக்குப் பின்னால் இருந்த ஸ்விட்ச்களைத்தான். அந்தப் பச்சையை எங்கே வாங்கினோம் என்ற நினைவே அவனுக்கு இருக்கவில்லை.

ஜுனைதீன் ஸ்விட்சை எடுத்துக் கொடுத்தார். காசை எண்ணி வாங்கினார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பாடம் நடத்துவதும் நின்றுபோனது. யாராவது கலரைப் பற்றிக் கேட்டால், “பாஸ்கிட்ட கேளுங்க” என்பார். மாலை அஸர் தொழுகையில் கையைக் கட்டி நிற்கும்போது தன்னுடைய வலது மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மணிக்கட்டு. ஒரு குறையும் இல்லை.

அவருடைய மனைவி கைறுன்னிஸா ஒரு கிழமை, ஏழு நாளும், பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

“சுகமில்லையா? கடேல ஏதும் பிரச்சினையா? வாயத் தொறந்து சொல்லுங்களே.”

சொன்னார். மேல் தட்டில் இருந்த பிரவுண் கொயிலிலிருந்து பவாஸின் பகிடிக்குச் சிரித்தது வரை சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தட்டைக் கீழே வைத்தாள்.

“நீங்களா அந்தப் புள்ளயத் தள்ளிவிட்ட? அவங்க கேட்டாங்க, நீங்க குடுத்தீங்க. இழுத்தது அவங்கட கை.”

“அவன் செவப்புத்தான் கேட்டான். எனக்கு ஏணில ஏறச் சோம்பல். அவனுக்குத் தெரியாது, கைறு. எனக்குத் தெரியும். ஊருக்கே சொல்லிக் குடுக்குறவன் நான்.”

அவள் கீரைத் தட்டை மறுபடியும் மடியில் எடுத்து வைத்தாள்.

“அப்ப என்னட்ட சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டிய ஆள்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடை பூட்டு. ஜுனைதீன் புறப்பட்டார். ஆனால் சுதர்ஷினியின் வீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை. பச்சைக்குப் பதிலாகப் போடப் பிரவுண் வயர் கொஞ்சம் எடுத்துக்கொண்டு யட்டவத்த பஸ்ஸில் ஏறினார். இராமசாமி லொறியைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பைப்பை மூடிவிட்டு வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அவன் திட்டாதது பெரிய கஷ்டமாகிவிட்டது.

“விடுங்க நானா. நானும்தானே இழுத்தேன். அது விழுந்து கெடக்கும்போது, ‘மெஷின ஒடச்சிட்டியா’ன்னு நான் சத்தம் போட்டேன். அதுதான் எனக்கு இப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கு.”

வாசலில் நின்ற பாலாமணி புருஷனைப் பார்க்காமல் சொன்னாள்: “நம்ம கிட்ட சொல்லி என்னங்க? கை ஒடஞ்சது அதுக்கு.”

இரண்டு பெண்களும் ஒன்றையே சொல்லிவிட்டார்கள். இனித் தப்ப வழியில்லை.

வயரைக் கொடுத்துவிட்டு அவர் டவுனுக்குத் திரும்பிக் கோயிலுக்குப் பின்னால் போனபோது, சுதர்ஷினி முன் அறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டு எடுத்தாயிற்று. மணிக்கட்டின் உட்புறம் நீளமாகத் தையல் தழும்பு தெரிந்தது. ரப்பர் பந்து ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் பாதி மடங்கின, பிறகு நின்றன. அவளுடைய அம்மா பிளேன் டீ கொண்டுவந்து வைத்தாள். ஜுனைதீன் அதைத் தொடவில்லை.

“மகள், அந்தப் பச்ச வயர் நான் குடுத்த.”

அவள் பந்தை அமுக்குவதை நிறுத்தினாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். முடித்த பிறகு தலையை நிமிர்த்தவில்லை.

“செவப்ப டெஸ்டர் வச்சுப் பாத்தேன் நானா” என்றாள் அவள். குரல் மெதுவாகத்தான் வந்தது. “கறுப்பப் பாத்தேன். பச்சைய மட்டும் பாக்கல. மெயின் ஸ்விட்ச்ச ஓப் பண்ணாதது என் பிழை, அத நான் ஒத்துக்கிறேன். ஆனா பச்சைய நம்பினேன். அது ஏர்த்துன்னுதான் கொலேஜ்லயும் சொன்னாங்க, கடையில நீங்களும் சொல்லிக்கிட்டே இருப்பீங்க.”

“அல்லாவுக்காக மன்னிச்சிக்கங்க, மகள்.”

“மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய?” இப்போது குரல் உயர்ந்தது. “ரெண்டு மாசமா ஒரு வேலைக்கும் யாரும் கூப்பிடல. கை ஒடஞ்சதால இல்ல. வேல தெரியாத பொண்ணுன்னு டவுன் முழுக்கப் பேச்சு. எங்க அம்மாவே நம்புறாங்க. கேளுங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

“இங்க வந்து எங்கிட்ட சொன்னா யாருக்குத் தெரியும்? கடையில வச்சு சொல்லுங்க. அவங்க எல்லாரும் இருக்கிறப்ப சொல்லுங்க.” அவர் எழுந்து வாசலுக்குப் போகும்போது அவள் மறுபடியும் கேட்டாள்: “வேற யாருக்கெல்லாம் பச்ச குடுத்தீங்க?”

நடந்து வரும் வழியெல்லாம் பச்சை வாங்கியவர்களின் முகங்கள் வந்தன. அக்ரமின் பேக்கரி. தயாபரன் மாஸ்டர் வீட்டு மேல்மாடி. பலாபத்வலயில், தன் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் றுஸ்னாவின் குசினி. எத்தனை பேர், எந்தெந்தச் சுவருக்குள், எந்த டேப்புக்கு உள்ளே!

திங்கட்கிழமை காலை கடையில் கூட்டம் இருந்தது. பவாஸும் இருந்தான். ஜுனைதீன் கவுண்டரை விட்டு வெளியே வந்து, வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சுதர்ஷினிப் புள்ளக்கி வேல தெரியும். அது பிடிச்ச பச்ச வயர் நான் கரண்ட் வார லைவுக்குன்னு தெரிஞ்சே வெட்டிக் குடுத்த. பச்ச ஏர்த்துக்கு உள்ள கலர். அந்தப் புள்ள கைல பிடிக்காம, அந்த வயர மெஷினுக்கு ஏர்த்தா குடுத்திருந்தா, கரண்ட் ஏறின மெஷின பாலாமணி ஈரக் கையோட தொட்டிருப்பா. அன்டைக்கி நீங்க சிரிக்கக்குள்ள நானும் சிரிச்சேன். வயர் குடுத்ததவிட அது மோசம்.”

பவாஸ் பல்ப் ஹோல்டர் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

முதலாளி உள்ளே கூப்பிட்டார். “ஒனக்கென்ன பைத்தியமா? கடேட பேரு என்னாகிற?”

“ஹாஜியார், இன்னும் வீடுகள் ஈக்கி. நான் போய்ப் பாக்கணும்.”

முதலாளி நெற்றியைத் தடவினார். “பிரவுண் கொயில் ஒண்ட எடுத்துக்கொண்டு போ” என்றார். அவர் முகத்தில் கோபம் குறையவில்லை.

போயா நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலும் ஜுனைதீன் வீடு வீடாகப் போனார். சுதர்ஷினியும் கூடவே வந்தாள். அவரோடு வர ஒத்துக்கொண்டாளே தவிர, அதிகம் பேசவில்லை. வலது கையால் ஸ்க்ரூட்ரைவர் திருக முடியாததால் திருகுவது பவாஸ். கூப்பிடாமலேயே வந்து சேர்ந்தவன் அவன். ஏன் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவள் இடது கையில் டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு, “மெயின ஓப் பண்ணுங்க. இப்ப அந்தப் பொக்ஸத் தொறங்க” என்று சொல்வாள்.

பச்சையின் மேல் சிவப்பு டேப் சுற்றிவிடலாமா என்று பவாஸ் ஒருமுறை கேட்டான்.

“டேப் கழண்டு விழும் பாஸ். மறுபடியும் பச்சதான் மிஞ்சும். மாத்துங்க.”

அக்ரமின் பேக்கரியில் பச்சை, மா பிசையும் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஓடியது. றுஸ்னாவின் குசினியில் அதை அவள் புருஷன் ஏற்கெனவே பிடுங்கி எறிந்திருந்தான். தயாபரன் மாஸ்டர், “உங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று கேற்றைத் திறக்க மறுத்தார், மூன்றாம் முறை போனபோது திறந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஜுனைதீன் தான் செய்ததைத் தன் வாயாலேயே சொன்னார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது சுதர்ஷினியின் விரல்கள் முக்கால்வாசி மடங்கின. அதற்கு மேல் மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பேக்கரி வேலையை நேரில் பார்த்த அக்ரம், தன் தங்கையின் புது வீட்டு வயரிங்கை அவளுக்கே கொடுத்தான். முன்பு ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு இப்போது அவளுக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. அந்த இரண்டாவது நாள் தன்னால்தான் என்பது ஜுனைதீனுக்குத் தெரியும்.

ஒரு ஆள் மட்டும் கிடைக்கவில்லை. கொயிலின் கடைசிப் பகுதியை முழுவதுமாக வாங்கிக்கொண்டு போனவர். பல்லேகமப் பக்கம் வீடு கட்டுவதாகச் சொன்னது நினைவிருக்கிறது. பெயரோ முகமோ நினைவில்லை. ஜுனைதீனும் சுதர்ஷினியும் பஸ் ஏறிப் பல்லேகமவுக்குப் போய்த் தேநீர்க் கடைகளிலும் உரக் கடையிலும் சிங்களத்தில் விசாரித்தார்கள். புது வீடுகள் நிறைய இருந்தன. தட்டிய வீட்டுக்காரர்கள் சிலர் பொக்ஸைத் திறந்து காட்டினார்கள், சிலர் கதவையே திறக்கவில்லை. வயல் கரையோடு இருந்த கடைசி வீட்டில் ஆட்கள் இல்லை. வாசலில் ஒரு லைட் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஓடுவது எந்தக் கலர் வயர் என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

“நானா, பஸ் போயிரும்” என்றாள் சுதர்ஷினி.

ஜுனைதீன் கேற்றின் கம்பியைப் பிடித்தபடி அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.