மஞ்சள் பட்ட தபால் கார்டு

இன்று செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறியதும் என் நாத்தனார் திடீரென்று சிரித்தாள்.

"அண்ணி, எழுபத்து மூணுல உன்ன பொண்ணு பாத்துட்டு வந்து, வேணாம்னுதான் கார்டு எழுதினோம். நான் மஞ்சா அரைச்சிக்கினு இருந்தேன். அதே கையோட போய் தபால்ல போட்டுட்டேன்."



என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கார்டு மூலையில் மஞ்சளைப் பார்த்ததுமே சம்மதம் என்று, யாரையும் வாசிக்கச் சொல்லாமல், தாம்பூலத் தட்டோடு கிளம்பிவிட்டார்.

"தட்டோட வந்து நின்னவர எப்பிடி திருப்பி அனுப்பறது?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கேட்டேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்த கார்ட எழுதினதே நான்தான். இப்ப இன்னா அதுக்கு?"

ஐம்பது வருஷம், மூன்று பிள்ளைகள்!

நாளை முதல் இந்த வீட்டுச் சாம்பாரில் மஞ்சள் கிடையாது. சரிதானே?