சோப்புப் பட்டறையில் துரை என்றொரு பூனை

சிவப்பு முத்திரை

ஜப்பான் அதிகாரி சோப்புக் கட்டியை என் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டி, "புசூக்கு!" என்றார். 'புசோக்' என்றால் மலாயில் நாற்றம்; அவர் வாயில் அது ஓர் எழுத்து கூடிக்கொண்டு வரும். முகர்ந்து பார்த்தேன். பூனை மூத்திரம்தான், சந்தேகமில்லை. ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று புரியாமல் "ஹாய்" என்றேன். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஜப்பானியச் சொல் அது, 'ஆமாம்' என்று அர்த்தம். இதற்குப் பொருந்தவில்லை. கன்னத்தில் விழுந்த அறையில் என் மூக்குக்கண்ணாடி சுவர் வரை போயிற்று.

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பத்து நாளில் மறுபடி வருவார். சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தட்டினார். பிறகு வடக்கே கை நீட்டி, "சயாம்" என்றார். அந்தச் சொல்லை மட்டும் பிழையில்லாமல் சொன்னார்.

அந்தத் தாளைப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஜப்பான்காரர் ஆண்ட அந்தக் காலத்தில், காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் பட்டறை அவர்கள் படைக்குச் சோப்புக் காய்ச்சிக் கொடுத்தது. ஆகவே அங்கே வேலை செய்யும் ஏழு பேரையும் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்று அந்தத் தாள் சொன்னது. கீழே ஏழு பெயர், சிவப்பு முத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தாள். பெயர் இல்லாதவன் பசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் லாரியில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் அடுப்புக்காரர் ஆறுமுகத்தின் அண்ணன் அப்படிப் போனவர், தகவலே இல்லை. தம்பி வீரய்யா செங் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் காட்டில் ஒளிந்திருந்தார். ஆறுமுகம் தினமும் அடுப்பு மூட்டுவதற்குமுன் அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

என் நாக்கு

நான் அங்கே கிராணி, கணக்கெழுதுபவன். சண்டைக்கு முன்பு ஒரு வக்கீல் ஆபீசில் தடித்தடிப் புத்தகங்களைப் படித்து அறிவு வளர்த்தவன். பட்டறையில் அந்த அறிவு வேண்டியிருக்கவில்லை. நாக்கு மட்டும் வேண்டியிருந்தது.

காஸ்டிக் சோடா கிடைக்காத காலம். பதிலுக்குச் சாம்பல். அடியில் துளையிட்ட பீப்பாயில் சாம்பலை அடைத்துத் தண்ணீர் ஊற்றினால் கீழே காரத்தண்ணி சொட்டும். அதைத் தேங்காயெண்ணெயோடு காய்ச்சி உப்புப் போட்டால் சோப்பு. காரம் பதமா என்று பார்க்க மானி கிடையாது. நுனிநாக்கில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். சுருக்கென்று கடித்தால் பதம். அந்த நாக்கு என்னுடையது.

சாம்பல் ஒரு ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாவு தீர்ந்து ரொட்டிக்கடை மூடப்பட்டதும் முதலாளி காதர் நானா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் யோசனை சொன்னேன். "ஊருல எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியுது நானா. ஒரு தகரம் சாம்பல் குடுத்தா ஒரு துண்டு சோப்புன்னு சொல்லுவோம்."

"கிராணியாரே, படிச்ச ஆளுன்னா படிச்ச ஆளுதான்!" என்றார் நானா. இந்தப் பாராட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரையின் வருகை

அதே வாரம் எலி சோப்பைக் கடிக்கிறதென்று ஆறுமுகம் பக்கத்துத் தெங்கேராவிலிருந்து ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். பழைய வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டதால் அந்தப் பட்டம் காலியாக இருந்தது, பூனைக்குச் சூட்டினோம்.

துரை எலி பிடித்தது. அதைவிடச் சுறுசுறுப்பாக மூத்திரம் பெய்தது. சாம்பல் மூட்டை மேல், பீப்பாய் ஓரம், சோப்பு காயவைக்கும் பலகைமேல். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தோம். என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு மூட்டைக்குப் போயிற்று. மிளகாய்ப் புகை போட்டோம். நாங்கள் ஏழு பேரும் வெளியே ஓடினோம், பூனை உள்ளே இருந்தது. ஒரு பெட்டி நிறையக் கடல் மணல் வைத்தேன். அதில் படுத்துத் தூங்கியது. நனைத்த இடத்தையெல்லாம் எங்கள் சோப்பையே போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். கழுவிய இடத்துக்கே வந்து மறுபடி வாலைத் தூக்கும். கழுவக் கழுவ ஏன் திரும்பி வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்போதுதான் அதிகாரி கையால் அந்த அறை விழுந்தது.

அதிகாரி போனதும் துரையைக் கோழிக்கூடையில் போட்டுப் பின்கட்டில் கவிழ்த்தோம். நானா மேலே அம்மிக்கல்லை ஏற்றினார். நாலு நாள் பூனை பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. நாலாம் நாள் புதுச் சரக்கை வெட்டி முகர்ந்தோம்.

"நாறுதுங்க," என்றார் ஆறுமுகம்.

"அதெப்படி? பூனை அங்கன கூடைக்குள்ளல்ல கெடக்குது!" நானா என்னைப் பார்த்தார். "நீங்க ஏதும்...?"

"நானா!"

"சும்மா கேட்டேன்லா."

பீபிக் சொன்னது

அந்நேரம் பக்கத்து வீட்டு அம்மாள், நாங்கள் பீபிக் என்று கூப்பிடுபவர், சாம்பல் தகரத்தோடு வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரரோடு கலந்த செட்டிச் சமூகத்துப் பெண்மணி; கோயில் நம்முடையது, பேச்சு முழுக்க மலாய். கூடைக்குள் கத்திய பூனையைப் பார்த்து என்ன குற்றம் என்று கேட்டார். சொன்னேன். தகரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், பாருங்கள், ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு.

"அபு இத்து கூச்சிங் பூஞா ஜம்பான்லா!"

அந்தச் சாம்பல் பூனைகளின் கக்கூஸ் என்று அர்த்தம். பிறகு நிதானமாக விளக்கினார். அடுப்பிலிருந்து எடுக்கும் நல்ல சாம்பலை எல்லா வீட்டிலும் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்வார்கள். மிச்சத்தைச் சமையல்கட்டுக்குப் பின்னால் குவிப்பார்கள். பூனைகள் போவது அந்தக் குவியலில். எங்களுக்கு வந்துகொண்டிருந்தது அந்தக் குவியல்தான்.

முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று மலாயில் கேட்டேன். அவர் சொன்ன பதிலின் சாரம் இது: நீ சாம்பல் கேட்டாய், சாம்பல் கொடுத்தோம். நல்ல சாம்பல் வேண்டும் என்று கேட்டாயா?

ஆக, துரைமேல் தப்பில்லை. காஜா பேராங்கில் இருந்த பூனைகளின் கக்கூஸை எல்லாம் நான் மூட்டைகட்டி வரவழைத்து ஒரு கொட்டகைக்குள் அடுக்கியிருந்தேன். புதிதாக வந்த பூனை வேறென்ன செய்யும்? அந்தச் சாம்பலில் காய்ச்சிய சோப்பாலேயே தரையைக் கழுவி, இங்கேதான் என்று தினமும் அதற்கு இடம் காட்டியதும் நாங்களே.

ஆறுமுகம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிராணியாரே, மூணு வாரமா நீங்க நாக்குல வச்சுப் பார்த்தீங்களே..."

"தெரியும். சொல்ல வேணாம்."

மிச்சமிருந்தது ஆறு நாள். மூன்று நாள் நானே வீடு வீடாகப் போய், அடுப்பிலிருந்து சூடாகவே சாம்பல் வாரினேன். கை கொப்பளித்தது. பீப்பாய்களைக் கொதிநீரும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவினோம். பழைய சாக்குகளும் கலந்திருந்ததால், மூட்டைகளை வரிசையாக வைத்துத் துரையைத் திறந்துவிட்டோம். ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு போயிற்று. இரண்டு மூட்டையின்மேல் வாலைத் தூக்கியது. அவற்றைக் கொண்டுபோய்க் கொட்டினோம். என் நாக்கைவிட நல்ல மானி.

எட்டாவது பெயர்

பழைய தாளின் கெடு முடிகிற பத்தாம் நாள் காலையில், முத்திரைக்காகப் புதுத் தாளில் பெயர்களை எழுதினேன். தூக்கமில்லாத கண், கொப்பளித்த கை. ஏழு பெயருக்குக் கீழே "8. துரை, சாம்பல் சோதனை" என்று ஏன் எழுதினேன்? வேடிக்கையாகவா, கிறுக்குப் பிடித்தா? இன்றைக்கும் தெரியவில்லை.

அதிகாரி வந்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுக, நல்ல சளி. கட்டியை முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. என் மூக்கில் இடித்து, "புசூக்கு?" என்றார்.

முகர்ந்தேன். தேங்காயெண்ணெய் வாசம் மட்டுமே. "தீடாக், துவான்," இல்லை என்றேன். உண்மையைச் சொல்ல இவ்வளவு பயப்படலாம் என்று அன்றுதான் தெரிந்தது. நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். ஒரு தும்மல். அடுத்த தும்மலுக்குள் முத்திரை விழுந்துவிட்டது.

அதிகாரியின் லாரி போனபின்தான் நானா தாளைப் படித்தார். "யா அல்லா! பூனைக்கா பாஸ் வாங்கினீங்க? அடுத்த தடவ எண்ணிப் பார்த்து எட்டாவது ஆளு எங்கன்னு கேட்டா, பூனையவா நிறுத்துவீங்க?"

தாளை வாங்கி நானும் எண்ணிப் பார்த்தேன், எட்டுதான்.

"ஒரு ஆளு இருக்கான், நானா," என்றார் ஆறுமுகம், தரையைப் பார்த்தபடி. "செங்குல."

மறுநாள் அவர் தம்பி வீரய்யா காட்டிலிருந்து வந்து சேர்ந்தார். தாடியும் சிரங்குமாக, எலும்பு எண்ணலாம். சண்டை முடியும்வரை அவர் பெயர் துரை. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டுமே உடனே வந்தார். மற்றவருக்குத் தனியாக ஓர் உடைந்த சட்டியில் சாம்பல் வைத்தோம். அதற்குப் பிறகு அது வேறெங்கும் போனதில்லை.

பிற்பாடு பல வருஷம் நான் ஸ்டோரில் வேலை பார்த்தேன். மூட்டை வந்தால், இது எங்கே குவித்துக் கிடந்தது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நீங்களும் கேளுங்கள். பட்டியலில் இருக்கும் ஆட்களை எண்ணிப் பார்க்காமல் முத்திரை குத்தாதீர்கள் என்றும் சொல்ல நினைத்தேன். ஆனால் அன்றைக்கு அந்த அதிகாரி எண்ணியிருந்தால் வீரய்யா என்ன ஆகியிருப்பார்?

எனக்கு இதில் தெளிவில்லை. அதை மட்டும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.