கடலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு

வீதிக்கு இஞ்சினியர் என்றால், அந்த வீதியில் போகிற ஒவ்வொருவரும் உங்களுக்கு மேலதிகாரி. கலியாண வீட்டில் பலகாரத் தட்டோடு நிற்கும்போதும் யாராவது கிட்ட வந்து தன் வீட்டு வாசல் குழியைப் பற்றித்தான் கதைப்பார். நீங்களும் உங்கள் தொழிலில் இப்படிப் பதில் சொல்லிக் களைத்தவர் என்றால் வாருங்கள், நாம் ஒரே வாங்கில் அருகருகே இருக்க வேண்டியவர்கள்.

தார் ஊற்றுவது என் வேலை இல்லை. ஊற்றிய தாரில் ஆட்கள் சாகாமல் பார்ப்பதுதான் என் வேலை. வீதி திரும்புகிற எந்த முடக்கில் எதிரே வருகிறவர் தெரியவில்லை, எங்கே விளிம்பு உடைந்திருக்கிறது, எங்கே கோடு வேண்டும், எங்கே பலகை வேண்டும் என்று பார்த்து, வரைந்து, திருத்த வேண்டும். யாழ்ப்பாண நகரத்தில் இருந்து தீவுப்பகுதிக்கு மாற்றம் கிடைத்தபோது, "அங்க என்ன வாகனமே ஓடுது, நிம்மதியா இரும்" என்று கூட வேலை செய்தவர்கள் வழியனுப்பினார்கள். வந்து பார்த்தால், வாயைத் திறந்தபடி நின்ற நாட்கள்தான் அதிகம். எல்லா இடத்துக்கும் என்னோடு வந்தவர் வேலைகளை மேற்பார்க்கிற எங்கள் ஓவசியர் தவம் அண்ணை. பிக்கப்பை ஓட்டுகிறவரும் அவர்தான், அளவுநாடாவின் மற்ற முனையைப் பிடிக்கிறவரும் அவர்தான்.

சோழகம்

வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குப் போகிற வீதி கடலுக்கு நடுவே போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். மரம் இல்லை, மதில் இல்லை. நான் முதன்முதலாக அங்கே இறங்கியது தென்மேற்கில் இருந்து சோழகக் காற்று அடிக்கிற காலம். பிக்கப்பின் கதவைக் கொஞ்சம்தான் திறந்தேன், மிச்சத்தைக் காற்றே திறந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு ஆசிரியர்கள் நகரத்துக்குத் திரும்புகிற நேரம். ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார் சைக்கிள்கள் வந்தன. எல்லாம் காற்று வருகிற பக்கமாக ஒரே அளவில் சாய்ந்திருந்தன, ஆனால் எல்லாம் நேர்கோட்டில் ஓடின. இப்போது விழும், இப்போது விழும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் விழவில்லை. பக்கக்காற்றின் விசையைப் படிக்கிற காலத்தில் ஒரு அம்புக்குறியாகத்தான் நான் பார்த்திருந்தேன். இங்கே அது சேலை கட்டி, ஹெல்மெட் போட்டு, ஸ்கூட்டியில் என் முன்னால் வந்து நின்றது. விஞ்ஞானம் படிப்பிக்கிற பவானி ரீச்சர். வந்தவர் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வீதியின் விளிம்பைக் காட்டினார். தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். எதிரே பஸ் வந்தால் விளிம்புக்கு ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் சில்லு பள்ளத்தில் விழும். அப்படி விழுந்து கடற்கல்லில் உராய்ந்த தழும்பு அவருடைய முழங்கையில் இருந்தது. தாரின் மட்டத்துக்கு விளிம்பை நிரப்புவதுதான் முதல் வேலை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ரீச்சர் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு சொன்னார்:

"காத்து தள்ளினா நாங்கள் சாஞ்சு குடுத்துச் சமாளிப்பம் மிஸ். உங்கட தார்தான் ஒரு சொட்டும் விட்டுக் குடுக்குதில்லை."

கோடு

விளிம்பு நிரப்பி முடிந்ததும் கோடு போட வந்தோம். பின்னேரம் மங்கினால் அந்த வீதியில் கடல், வானம், தார் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. கடலில் விழுகிற பயத்தில் எல்லா வாகனமும் நட்ட நடுவாலேதான் ஓடும். எதிரெதிரே வருகிற இரண்டும் கடைசி நேரத்தில்தான் பிரியும். அந்தப் பிரிவு பிந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு, நொருங்கிய முன்பக்கத்தோடு ஒரு வான் சந்திக் கராஜில் நின்றது.

நடுவில் ஒரு கோடும் இரண்டு ஓரத்திலும் கோடுகளும் போட்டோம். பெயின்ற் காயுமுன் அதன்மேல் மாப்போல இருக்கும் கண்ணாடி மணிகளைத் தூவுவோம். வாகன வெளிச்சம் பட்டால் அவைதான் திருப்பி மினுங்கும். வேலை முடிந்த அன்று பொழுதுபடும்வரை நானும் தவம் அண்ணையும் காத்திருந்தோம். முதலில் வந்தது ஒரு லொறி. அதன் வெளிச்சம் விழுந்ததும் கோடுகள் விழித்துக்கொண்டதுபோல எழும்பி, கடலைக் கிழித்துக்கொண்டு புங்குடுதீவுப் பக்கம் ஓடின. லொறி மெல்லத் தன் பக்கத்துக்கு வந்தது. பின்னால் வந்த ஆட்டோவும் தன் பக்கத்துக்கு வந்தது. எதிரே வந்த பஸ்சும் அப்படியே. பொலிஸ் இல்லை, மதில் இல்லை. நகத்தால் சுரண்டினால் உரிந்துபோகிற பெயின்ற்றுக்கு அவ்வளவு இரும்பும் மரியாதை கொடுத்து விலகியது. நான் போட்ட கோடுதான். என்றாலும் எனக்கு மயிர் சிலிர்த்தது. பஸ் எங்கள் அருகே நின்றது. நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த வயதான சாரதி தலையை வெளியே நீட்டினார்:

"இவ்வளவு காலமும் இந்த றோட்டை நான் ஞாபகத்தில ஓடினனான் பிள்ளை. இண்டைக்குத்தான் கண்ணால பாத்து ஓடினனான்."

பூநாரைகள்

தை மாதத்தில் ஒரு காலை, அதே வீதியில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் வாகனங்கள் நின்றன. நயினாதீவுக்குப் போகிற யாத்திரிகர்களின் வான் ஒன்று, அதன் முன்னால் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள். விபத்து என்று நினைத்து நான் குதித்து இறங்கி ஓடினேன். விபத்து ஒன்றும் இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பூநாரைகள் நின்றன. வெள்ளையா, ரோசாவா என்று சொல்ல முடியாத நிறம். திடீரென்று எல்லாம் சேர்ந்து எழும்பின. செட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சிவப்பு முழுவதும் ஒரே தரத்தில் வானத்தில் விரிந்தது. யாத்திரிகர் வானில் இருந்து இறங்கி நின்ற சிங்கள அம்மா ஒருவர் கைகூப்பினார். நானும் நடு வீதியில்தான் நின்றேன், வீதிப் பாதுகாப்புக்குச் சம்பளம் வாங்குகிற நான்.

பிறகு திரும்பிப் பார்த்தேன். ஐஸ் ஏற்றிய பெரிய லொறி ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்த்தபடி நின்ற அத்தனை பேருக்கும் பின்னால், எங்கள் பிக்கப்பை முட்டுகிற தூரத்தில் அது நின்றது. கிட்டப் போய், கவனமாக ஓடி வந்ததற்கு அந்தச் சாரதிக்கு நன்றி சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த கிழமையே, வாகனங்கள் வீதியை விட்டு இறங்கி நிற்கிற மாதிரி ஓரத்தில் ஒரு அகலமான இடம் வரைந்து அனுப்பினேன். "பறவை பாக்கிறதுக்கோ றோட்டை அகலிக்கிறியள்?" என்று மேலிடத்தில் கேட்டார்கள். அந்த லொறிச் சாரதி சொன்னதை அப்படியே சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் அனுமதி வந்தது. அவர் சொன்னது இதுதான்:

"உங்களைக் கண்டு ஆர் நிப்பாட்டினது? நானும் அதுகளைப் பாக்கத்தான் நிப்பாட்டினனான்."

நெடுந்தீவில்

நெடுந்தீவில் காட்டுக்குதிரைகள் வீதியைக் கடக்கிற இடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குறிகட்டுவான் துறையில் படகேறிப் போய் இறங்கினேன். உழவு மெசின் வைத்திருக்கிற நேசன், குதிரைகள் தண்ணீருக்குப் போகிற பாதையைக் காட்டினார். கோடை. புல் வெந்து கிடந்தது. கற்சுவர் ஓரமாக நாங்கள் காத்திருந்தோம்.

முதலில் புழுதிதான் வந்தது. பிறகு நிலம் அதிர்ந்தது. ஒரு கூட்டம் பாய்ந்து வந்தது. நேரே தாரில் ஏறப்போகிறது என்று நான் கண்ணை மூடப் பார்த்தேன். விளிம்பில் எல்லாம் நின்றன. முன்னால் வந்த பெட்டைக் குதிரை, விலா எலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்தது, காதுகளை நிமிர்த்திக்கொண்டு வீதியைப் பார்த்தது. தூரத்தில் இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் முறுக்கிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு தாகத்திலும் அது காத்து நின்றது. அவர்கள் எங்களைக் கடந்து, புழுதியையும் கடந்து, மறைந்தார்கள். அதற்குப் பிறகுதான் அது தாரில் காலை வைத்தது. குட்டிகளை நடுவில் விட்டு, மற்றவை பின்னால் போயின. குளம்புச் சத்தம் ஓய்ந்தது. நேசன் சொன்னார்:

"குதிரைப் படம் போடுறது சரி மிஸ். ஆனா பலகையை எங்கட பெடியளுக்கு வடிவாத் தெரியிற பக்கமாப் போடுங்கோ. அதுகளுக்குத் தேவையில்லை."

மாதா முடக்கு

நாரந்தனைப் பக்கம் ஒரு முடக்கு இருக்கிறது. கடற்கரையில் இருந்து வருகிற ஒழுங்கை அதில்தான் பெருந்தெருவில் ஏறுகிறது. அந்த மூலையில், கரையோரக் குடும்பங்கள் சீமெந்தால் கட்டி மாதா சொரூபம் வைத்த கூடு, என்னைவிட உயரமாக நின்றது. ஒழுங்கையால் வருகிறவருக்குத் தெரு தெரியாது. தெருவால் வருகிறவருக்கு ஒழுங்கை தெரியாது. கூட்டைப் பின்னுக்கு நகர்த்தாமல் அந்த முடக்கைத் திருத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தவம் அண்ணை நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதை மட்டும் விட்டிடுவம்" என்றார். பங்குத் தந்தையிடம் போனேன். "யோசப்பினைக் கேளும். அவ ஓம் எண்டால் ஊரும் ஓம்" என்று அனுப்பிவிட்டார்.

யோசப்பின் அக்கா சைக்கிளில் மீன்பெட்டி கட்டி ஊரூராக விற்றவர். அந்த முடக்கில்தான் ஒரு வான் அவரை அடித்தது. உயிர் தப்பியது, இடது கால் தப்பவில்லை. மாதாதான் தன்னைக் காப்பாற்றினார் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அவரிடம் போய், அந்த மாதாவையே நகர்த்துங்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாமல், "ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா" என்று மட்டும் கேட்டேன். விபத்துக்குப் பிறகு தெரு ஏறுகிற அந்த இடத்தில் அவர் நின்றதே இல்லையாம். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்து நின்றார்.

"நான் வந்தது அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா."

"அவன் வந்தது எனக்கு?"

"அதுவும் ஏலாது. கூடு மறைக்குது."

இத்தனை காலமும் அக்கா அந்த வான்காரனைத் திட்டாத நாள் இல்லை என்று பிறகு தவம் அண்ணை சொன்னார். வெயில் ஏறியது. கூட்டின் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு அக்கா சொன்னார்:

"மாதா என்னைக் காப்பாத்தினவ. ஆனா ஒவ்வொரு நாளும் இப்பிடி ஆரையும் காப்பாத்த வேணுமெண்டு நிக்கிறது அவவுக்கும் கஷ்டம்தானே. கொஞ்சம் தள்ளி நிண்டு ஆறட்டும்."

மழைக்குப் பிறகு

கூட்டின் பின்பக்கத்தில் புகையிலை நட்டிருந்த சைவக் குடும்பம், தோட்டத்தின் மூலையை, கேட்க முதலே தந்துவிட்டது. புதுக் கூடு கட்டியதும், வள்ளம் தூக்கிப் பழகிய தோள்கள் சொரூபத்தைத் தூக்கின. முன்னால் செபம், பின்னால் தோட்டக்காரர் வீட்டுத் தேத்தண்ணி வாளி. பழைய கூட்டை இடித்து, மூலையைச் சாய்வாக வெட்டி, ஒழுங்கை தெருவில் ஏறுகிற இடத்தில், வருகிறவர் நின்று பார்த்துப் போக ஒரு கோடும் போட்டோம்.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் மழை விட்ட கையோடு அதைப் பார்க்கப் போனேன். யோசப்பின் அக்கா புதுக் கூட்டுக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பெண், கரியரில் மீன்பெட்டியோடு, வேகமாகச் சைக்கிளில் வந்தார். தெருவில் மணல் ஏற்றிய லொறி வந்தது. நான் இரண்டையும் பார்த்தேன். அதே முடக்கு, அதே நேரக்கணக்கு. பெண் தூரத்திலேயே லொறியைக் கண்டு கோட்டில் காலை ஊன்றினார். லொறியும் அவரைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. அது கடந்ததும் பெண் பெடலை மிதித்துப் போனார். எதைத் தாண்டி வந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது மீன் விற்கப் போகிற அவசரம் மட்டும்தான். என் கண் நிறைந்துவிட்டது. துடைக்க முன் அக்கா கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, ஒண்டும் நடக்கேல்லையே, ஏன் அழுறீர்?"

ஒன்றும் நடக்காமல் இருக்க இவ்வளவு வேலை இருக்கிறது என்பதை, மாத முடிவில் "என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிற அலுவலகத்துக்கு விளங்கப்படுத்துகிற வழியை மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குப் படிப்பிக்கவில்லை.