சந்தில் நிற்காத வண்டி

எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். சட்டையைக் கொடுத்தால் நாலு வீட்டுக் கதையையும் சேர்த்து மடித்துத்தான் திருப்பித் தருவார். அந்த வாயே அவர் காலை வாரிவிடும் என்று யார் கண்டார்கள்.

முன்வீட்டை ஒட்டிய சந்தில்தான் அவர் வண்டி நிற்கும். சந்தின் கோடியில் பின்வீட்டு அக்காவின் வீடு. அக்காவின் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சாயங்காலமானால் இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாகச் சக்கர நாற்காலியில் அந்தச் சந்து வழியே தெருமுனை வரை வந்து போவார். பின்பக்கமும் ஒரு வழி உண்டு. ஆனால் செங்குத்தான படிக்கட்டு. நாற்காலி இறங்காது.

சந்து தனக்கே சொந்தம் என்று முன்வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். அது வழியே இல்லை, அங்கே யாரும் வருவதில்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சாட்சி சொன்னவர் எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்காரர். தினமும் இஸ்திரி வண்டியில் சாய்ந்து டீ குடித்த மனிதர். அந்த நாற்காலிக்குப் பஞ்சர் ஒட்டியதும் அவர்தான்.

இஸ்திரிக்காரர் நேரே கடைக்குப் போய்க் கேட்டார். "கடை முன்வீட்டுக்காரரோடது. காலி பண்ணுன்னா நான் எங்க மச்சான் போவேன்?" என்றாராம் அவர், டயரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொய்ச்சாட்சி என்று இவர் போலீஸில் புகார் சொன்னார். கோர்ட்டில் சொன்ன பொய்க்குக் கோர்ட்டிலேயே போய் முறையிடச் சொன்னார்கள். அக்காவின் வக்கீல் அந்தப் பொய்ச்சாட்சிக்கு எதிராக மனு போட்டு இவரைக் கூண்டில் ஏற்றினார். இவரும் வண்டி நின்றதையும் நாற்காலி போனதையும் அழகாகவே சொன்னார்.

முன்வீட்டு வக்கீல் அவசரப்படவில்லை. ரோட்டோர வண்டிகளை அள்ள நகராட்சி ஆட்கள் வந்தால் அவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டார்.

நகராட்சி ஆட்களை ஏமாற்றுவது தெருவே கூடிச் செய்யும் வேலை. லாரி சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு கை கொடுத்து வண்டியை அக்கா வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுவார்கள். சந்தின் வாயை மறைக்கச் சைக்கிள் கடையிலிருந்து தகரம் வரும். அதிகாரி கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில். அக்காவும் அதையே சொல்லியிருக்கிறார். லாரி போனதும் ஒரே சிரிப்பாக இருக்கும்.

இஸ்திரிக்காரர் உள்ளதைச் சொன்னார். "இது வழியே இல்ல, இங்க யாரும் வர்றதில்லன்னு சொல்லுவேங்க. வண்டியைக் காப்பாத்தத்தான்."

"சைக்கிள் கடைக்காரர் சொன்னதும் அதேதானே?" என்று கேட்டுவிட்டு வக்கீல் உட்கார்ந்துகொண்டார்.

மனு தள்ளுபடியானது. பின்னாலேயே வழக்கும் முன்வீட்டுக்காரர் பக்கம் போனது. சந்தின் வாயில் சுவர் எழும்பியது. யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வண்டி இப்போது பெரிய ரோட்டில், வெயிலில் நிற்கிறது. சைக்கிள் கடைக்காரர் சட்டையை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். இவரும் பேசாமல் தேய்த்துத் தருகிறார்.

போன வாரம் இஸ்திரிக்காரர் பின்பக்கப் படிக்கட்டு ஏறி அக்கா வீட்டுக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார். அக்கா தன் துணிகளை மட்டும் கொடுத்தாராம். அண்ணன் சட்டை எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு இனிமே இஸ்திரி வேண்டாம்ப்பா," என்றாராம் அக்கா. "அவர் எங்க வெளிய போகப்போறாரு?"